மூன்று டார்ச்சும் ஒரு மெழுகுவர்த்தியும்

என் முன்பல்லில் ஒரு சின்ன உடைசல் இருக்கிறது. சிரித்தால் தெரியும் என்பதால் வாயை மூடியே சிரித்துப் பழகிவிட்டேன். வால்நட்டைக் கடித்து உடைத்துக்கொண்டேன் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது போலீஸ் வேலை கொடுத்த பரிசு. பதினோரு வருடமாக டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். ஒரு கையில் வண்டியின் பத்திரம், இன்னொரு கையில் பேனா. மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை. எங்கள் மால்டோவாவின் ஜனவரிக் குளிரில் இரும்பு டார்ச் உதட்டில் பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். அதையும் அனுபவித்தாயிற்று.

இதைப் பற்றி மாவட்டத் தலைமையகத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன். எழுதியது நான். கீழே கையெழுத்து எங்கள் இன்ஸ்பெக்டர் பந்தெலே. எங்கள் நிலையத்திலிருந்து போகும் எந்தக் காகிதத்திலும் அவர் பெயர்தான் இருக்கும், அதுதான் முறை. என் பெயர் வந்தது விடுப்புக் கடிதங்களில் மட்டும்.

ஏழாவது கடிதத்துக்குப் பதிலாக அக்டோபரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே மூன்று டார்ச். கூடவே ஒரு படிவம். "பணிக்கு ஏற்ற, வெளிச்சம் மிகுந்த, அடக்கமான கைவிளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் பரிந்துரைக்கவும். மாவட்டம் முழுவதற்கும் அதுவே வாங்கப்படும்." படிவத்தின் அடியில் ஒரு கோடு: "தேர்ந்தெடுத்தவர் பெயர், பதவி."

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டின் மேல் என் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஹெட் கான்ஸ்டபிள் அக்லாயா புர்லாக்கு. எழுதிப் பார்த்தால் கோட்டுக்குள் சரியாக அடங்கும். பென்சிலால் அளந்தும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று டார்ச்சும் மேசைமேல் கிடந்தன. முதலாவது முழங்கை நீளம், ஐந்து செல் போடுவது. பந்தெலே சார் இருபது வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிவதும் அதே ரகம்தான். அதை வைத்து அவர் வெறிநாயை விரட்டியிருக்கிறார், வண்டியின் பானெட்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு வால்நட் உடைத்திருக்கிறார்.

"டார்ச்சுன்னா கையில கனம் தெரியணும்" என்றார் சார். "இத எடுத்துட்டு வண்டிய விட்டு எறங்குனாலே பாதிப் பேரு உண்மையச் சொல்லிடுவான்."

"மீதிப் பாதி?" என்று கேட்டேன்.

"மீதிப் பாதி குடிச்சிருப்பான். அவனுக்கு எந்த டார்ச்சும் ஒண்ணுதான்."

இரண்டாவது, தலை பெருத்த ஒன்று. எங்கள் ஓட்டுநர் டோரினுக்கு அதைப் பார்த்ததும் காதல். அட்டையில் போட்டிருந்த வெளிச்சக் கணக்கை ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் கண் கூசும் வெளிச்சம், இன்னொரு தடவை அழுத்தினால் மங்கல், அடுத்து மின்னல் மாதிரி வெட்டி வெட்டி எரியும், அதற்கடுத்தது எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. நாலாவது அழுத்தலில் நிலையத்துப் பூனை ஜன்னல் வழியாகக் குதித்துப் போனது, மதியம் வரை திரும்பவில்லை.

மூன்றாவது என் நடுவிரல் நீளம். சட்டைப் பையில் பேனா மாதிரி செருகலாம், தொப்பியின் முன்விளிம்பில் கிளிப்பால் மாட்டலாம். பொத்தான் வாலில் இருந்தது. கம்பளிக் கையுறை போட்ட கட்டைவிரலுக்கும் தடுமாறாமல் கிடைத்தது. முதல் அழுத்தலில் மெல்லிய வெளிச்சம், அழுத்திப் பிடித்தால்தான் முழு வெளிச்சம். ஒரே ஒரு செல், அதுவும் ஊர்க் கடையில் கிடைக்கிற சாதாரண செல். இதற்கு மேல் என்ன வேண்டும்? எடுத்த எடுப்பிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

"அக்கா, அது சாவிக்கொத்துல தொங்கவிடுறது" என்றான் டோரின். "திருடன் பாத்தா பாவம்னு காசு போட்டுட்டுப் போவான்."

"உன்னோடது கண்ணக் குருடாக்குறது. திருடனுக்கு முன்னாடி நீ குருடாயிடுவ."

"சண்ட போடாதீங்க" என்றார் சார். "பொருளப் பாக்காம பேசிப் பிரயோஜனம் இல்ல. இருட்டுல வெச்சுப் பாத்துரணும். ஆனா பத்து மணிக்கு இருட்டுக்கு எங்க போறது?"

"நிக்கிஃபோர் மாமா நிலவறைக்குப் போகலாம் சார்" என்றேன்.

சொன்னது நான். இதை யாரும் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

நிக்கிஃபோர் மாமா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எங்களை எல்லாம் பள்ளிக்கு ஏற்றிப் போனது அவர்தான். இப்போது திராட்சைதான் அவருக்கு எல்லாம். தெற்கு மால்டோவாவில் ஒயின் நிலவறை இல்லாத வீடு கிடையாது, ஆனால் பத்தொன்பது படி ஆழத்தில் வைத்திருப்பவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர். ஈஸ்டருக்கு முன்னால் படி, சுவர், கூரை எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார். இறங்கியவர்கள் ஒரு கிளாஸ் குடிக்காமல் மேலே வந்ததாக வரலாறு இல்லை. வரி கேட்டு வந்தவரே பாட்டுப் பாடிக்கொண்டுதான் திரும்பினார்.

நாங்கள் போனபோது அவர் முற்றத்தில் பிழியும் எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராயிசா அத்தை கம்பளி விரிப்பைக் கயிற்றில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மாமாவுக்கு ஒரே பெருமை.

"மாவட்டப் போலீசுக்கே என் நிலவறையிலதான் வெளக்கு பாக்குறாங்களா? ராயிசா, கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். ஜாடிய ஒழுங்காக் கழுவி எடுத்துட்டுப் போங்க."

"பணி நேரம்" என்றார் சார், குரலில் அவ்வளவு உறுதி இல்லாமல்.

"யாரு குடிக்கச் சொன்னா? ருசி பாருங்க. இந்த வருச சாறு இன்னும் கொதிச்சுட்டுத்தான் இருக்கு. போன வருசத்தது ஒரு ஜாடி கொண்டாறேன், அப்புறம் நீங்க உங்க வெளக்க எல்லாம் ஏத்தி எறக்கிப் பாருங்க." அவர் டோரினின் கையிலிருந்த பெருத்த தலை டார்ச்சை வாங்கி ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பகலிலும் அதன் வெளிச்சம் எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது. "அடேயப்பா! இது கையில இருக்கும்போது மெழுகுவர்த்தி எதுக்கு? சூரியனையே எடுத்துட்டு எறங்குற மாதிரி இருக்கு."

டோரின் சிரித்தான். சார் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா ஒரு கையில் ஜாடியும் மறு கையில் டார்ச்சுமாக இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் நிலவறைக் கதவோரத்து மாடத்தைப் பார்த்தேன். அதில் மெல்லிய மஞ்சள் மெழுகுவர்த்தி ஒன்று, தேவாலயத்தில் வாங்கியது, ஏற்றாமல் கிடந்தது. பக்கத்திலேயே தீப்பெட்டி.

அக்டோபரில் பீப்பாய்க்குள் சாறு புளித்து நுரைத்துக் கொதிக்கும்போது ஒரு காற்று கிளம்பும். நிறம் கிடையாது. கனமானது, தரையில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அதற்குள் கால் வைத்தவன் மூச்சு நின்று விழுவான். அதனால் இந்த மாதத்தில் எங்கள் ஊரில் எவரும் நிலவறைக்கு மெழுகுவர்த்தி இல்லாமல் இறங்குவதில்லை. முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், சுடர் தளர்ந்தால் திரும்பிவிட வேண்டும். செருப்பைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைவது மாதிரி, யோசிக்காமல் செய்கிற காரியம் அது. யோசிக்காமல் செய்ததால்தான் வந்தது வினை. இத்தனை வருடம் கையில் மெழுகுவர்த்தி இருந்தது வெளிச்சத்துக்காக என்று அந்த ஒரு நிமிடத்தில் அறுபத்தாறு வயது மனிதர் நினைத்துவிட்டார். கூட நின்ற மூன்று போலீசும் நினைத்துவிட்டோம்.

"மாமா! மேல வாங்க!" என்று கத்தினேன். "மாமா!"

பதில் ஜாடி உடையும் சத்தமாக வந்தது.

படியின் அடியில், பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தெரிந்தது. அசையவில்லை. மெழுகுவர்த்தியாக இருந்திருந்தால் அவருக்கு முன்னால் அது அணைந்து, அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். டார்ச் எதற்கும் கவலைப்படாமல் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. இந்த இடத்தைச் சொன்னவள் நான். மாமா செத்துப்போனால் என் கணக்கில்தான்.

சார் இறங்கப் போனார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"விடு அக்லாயா! ஆளு உள்ள கெடக்கான்!"

"நீங்க விழுந்தா தூக்க ட்ராக்டர் வேணும் சார். நூத்திப் பத்து கிலோ. நான் எறங்குறேன். டோரின், வண்டி இழுக்குற கயிறு! ஓடு! அத்தை, அந்த விரிப்பக் கொண்டு வந்து வாசல்ல நின்னு வீசுங்க, காத்து உள்ள போகணும். அழாதீங்க, வீசுங்க!"

கயிறு வந்தது. ஒரு முனையை என் இடுப்பில் கட்டினார்கள். மறுமுனையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். நடுவில் சாரும் டோரினும் பிடித்துக்கொண்டார்கள். சார் தன் நீள டார்ச்சை ஏற்றி எனக்கு வழி காட்டப் பார்த்தார். கயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் அதைத் தூக்கிப் புல்லில் எறிந்ததைப் பார்த்தேன்.

சின்ன டார்ச்சைத் தொப்பியில் மாட்டினேன். ஒரு அழுத்தல். சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூசவைக்காத அளவுக்கு மெல்லிய வெளிச்சம், படியின் விளிம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மெழுகுவர்த்தியை ஏற்றி முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆறு, ஏழு, எட்டு. சுடர் நிமிர்ந்தே நின்றது. பத்தாவது படியில் தளர்ந்தது. பதினொன்றுக்குத் தாழ்த்தினேன், பொட்டென்று அணைந்தது.

மாமா படியிலேயே கிடந்தார், தலை மேல்பக்கமாக. தப்பு புரிந்து திரும்பி ஏறப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. அவர் தலை பதின்மூன்றாவது படியில் இருந்தது. என் கழுத்தைத் திருப்பி வெளிச்சத்தை அவர் முகத்தில் விட்டேன். உதடு நீலம். கண்ணிமை துடித்தது.

"உயிர் இருக்கு!" என்று கத்திவிட்டு, நாலு படி மேலே ஏறி, மூச்சை முழுக்க இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினேன்.

கயிற்றை அவர் அக்குளுக்கு அடியில் விட்டு முதுகுப்பக்கம் இழுப்பதற்குள் நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. பாதியில் விட்டு மேலே ஓடினேன். மூச்சு வாங்கினேன். மேலே அத்தை விரிப்பை வீசுகிற சத்தம் கேட்டது, சார் ஏதோ சாமியைத் திட்டுகிற சத்தமும். மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை முடிச்சு. இரண்டு கை வேண்டும் முடிச்சுக்கு. எனக்கு இரண்டு கையும் இருந்தது. பல்லில் ஒன்றுமில்லை, வாய் இறுக மூடியிருந்தது. டார்ச்சைக் கடித்துக்கொண்டிருந்தால் அந்த வாய் வழியே என்ன உள்ளே போயிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் வெளிச்சம் கூடவே வந்தது. முடிச்சு இறுகியது. கயிற்றை மூன்று தடவை உதறினேன்.

இழுத்தார்கள் பாருங்கள்! நூற்றிப் பத்து கிலோவுக்கு அன்றைக்குத்தான் பலன் தெரிந்தது. மாமா படிப்படியாக மேலே ஏறிப் போனார், நான் பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினேன். முற்றத்து வெயிலில் அவரைக் கிடத்தினோம். டோரின் அவர் வாயில் ஊதினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது ஊதலில் இருமினார். இருமி, வாந்தியெடுத்து, வானத்தைப் பார்த்து, முதலில் கேட்டது:

"ஜாடி ஒடஞ்சிருச்சா?"

"நீங்க ஒடஞ்சிருப்பீங்க, பாவி மனுசா!" என்று ராயிசா அத்தை கையிலிருந்த விரிப்பாலேயே அவரை ஒரு அடி அடித்தார். அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் வால்நட் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மாமா சார் கையைப் பிடித்துக்கொண்டு, "கிளாஸ் குடிக்காமப் போறீங்களே, எனக்கு அவமானம்" என்றார். இரண்டு நாளில் மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டார். வந்த அன்றே எங்களை அழைத்து அந்த அவமானத்தைத் துடைத்துக்கொண்டார், தாராளமாக.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே நிலையத்தில் சார் படிவத்தை எடுத்துத் தட்டச்சு எந்திரத்தில் செருகினார். இரண்டு விரலால்தான் அடிப்பார். அரை மணி நேரம் அடித்தார். எந்த டார்ச் என்று என்னைக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. கடைசிக் கோட்டுக்கு வந்தபோது நான் தேநீர் போடுகிற சாக்கில் பின்னறைக்குப் போய்விட்டேன். பார்க்கத் தைரியமில்லை. இவ்வளவு நடந்த பிறகும் ஒரு பெயருக்கு ஆசைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆசை போகவில்லை.

திங்கட்கிழமை தலைமையகத்திலிருந்து தொலைபேசி. சார் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததால் எங்களுக்கும் கேட்டது.

"பந்தெலே, டார்ச் சரி. கூட மெழுகுவர்த்தி ஒண்ணு, தீப்பெட்டி ஒண்ணுன்னு எழுதியிருக்க. போலீஸ் நடத்துறியா, பூசை பண்றியா?"

"ரெண்டும் இல்ல சார். ஒயின் போடுற ஊர்ல வேல பாக்குறோம்."

"டார்ச் கையில இருக்கப்போ மெழுகுவர்த்தி எதுக்குய்யா?"

எங்கள் சார் மிகவும் மரியாதையாக, "இதே வார்த்தைய ஒருத்தர் வெள்ளிக்கெழம சொன்னாரு சார்" என்று ஆரம்பித்து, முழுக்கதையையும் சொன்னார். என் பெயரைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மறுமுனையில் கேலி நின்றுவிட்டது.

டிசம்பரில் பெட்டி வந்தது. பனி பெய்து மின்சாரம் போன பிற்பகல். எனக்கென்று வந்த சின்ன டார்ச்சைத் தொப்பியில் மாட்டிக்கொண்டுதான் பெட்டியைப் பிரித்தேன். மாவட்டத்தின் எல்லா நிலையங்களுக்கும் போன ஆணையின் நகல் மேலே இருந்தது. ஒவ்வொரு காவலரும் பணியில் வைத்திருக்க வேண்டியவை: கைவிளக்கு, சிறியது, ஒன்று. மெழுகுவர்த்தி ஒன்று. தீப்பெட்டி ஒன்று. ஒயின் போடுகிற மாதங்களில் நிலவறைக்குள் இறங்குமுன் மெழுகுவர்த்தி ஏற்றப்பட வேண்டும். அறுபத்திரண்டு பேருக்கான ஆணை. அறுபத்திரண்டு பேர் இனி டார்ச்சைக் கடிக்கவேண்டியதில்லை.

அதன் அடியில் ஒரு வரி: தேர்ந்தெடுத்தவர், ஹெட் கான்ஸ்டபிள் அக்லாயா புர்லாக்கு.

கோட்டுக்குள் சரியாக அடங்கியிருந்தது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பி, தன் நீள டார்ச்சால் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார், இந்த விஷயத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி.

டோரின்தான் என்னைப் பார்த்தான்.

"அக்கா, பல்லு தெரியுது."

"தெரியட்டும்டா" என்றேன்.